தொண்டை கட்டிக்கொண்டு பாடிய ஆல்பம்: 'பெரிய வீடு' வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: காலை வணக்கம். அருண், நேற்று காரில் வரும்போது ஒரு பாட்டு போட்டாயே, ஒரு பெண் கிடாரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடுகிறாள், கடைசியில் அழுதேவிடுகிறாள். யார் அது? உன் அம்மா ராத்திரியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று.

அருண் அண்ணன்: லாரின் ஹில், அப்பா. அமெரிக்கா, நியூ ஜெர்சிக்காரர். அது மேடையில் பாடியதை அப்படியே பதிவு செய்த ஆல்பம். பெயர் எம்டிவி அன்பிளக்டு நம்பர் 2.0. தொண்டை நிஜமாகவே கட்டியிருந்தது. அதை அவரே சபையில் சொல்லிவிட்டுத்தான் பாடுகிறார்.

சித்தி: இடியாப்ப மாவு யார் வீட்டிலாவது இருக்கிறதா? கடை திறக்கவில்லை.

அம்மா: இங்கே இருக்கிறது. பையனை அனுப்பு.

அப்பா: தொண்டை கட்டியிருந்தால் கச்சேரியைத் தள்ளி வைப்பார்கள். இவர் பதிவு செய்து விற்றிருக்கிறாரா?

அருண் அண்ணன்: அதுதான் சித்தப்பா அன்றைக்கு எல்லாரும் கேட்ட கேள்வி. 2002 மே மாதம் ஆல்பம் வந்தபோது பத்திரிகைகளில் வாங்கிய அடி கொஞ்ச நஞ்சமில்லை. பாட்டெல்லாம் அரைகுறை, கிடார் ஒரே மாதிரி இழுக்கிறது, பாட்டை விடப் பேச்சு அதிகம் என்று எழுதினார்கள். துணிச்சல் என்று பாராட்டியவர்களும் இருந்தார்கள், ஆனால் குறைவு.

நான்: பெரியப்பா, இதற்கு முந்தைய கதை தெரிந்தால்தான் அந்த அடி ஏன் என்று புரியும். 1998-இல் இவருடைய தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில் வந்தது. அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. 1999-இல் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி விழாவில் ஒரே இரவில் 5 விருது. அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஒரே விழாவில் அத்தனை வாங்கியதில்லை. ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருது ஹிப்ஹாப் பக்கம் போனதும் அதுதான் முதல் தடவை. அப்போது அவருக்கு 23 வயது.

பெரியப்பா: 23 வயதிலா!

நான்: ஆமாம். அடுத்த ஆல்பம் எப்போது வரும் என்று உலகமே காத்துக்கொண்டிருந்தது. கையில் கிடைத்தது இந்த இரண்டு சிடி. பழைய ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. பாப் மார்லி பாட்டு ஒன்று இருக்கிறது, மற்றபடி ஏறக்குறைய எல்லாம் புதுசு. பக்கவாத்தியம் கிடையாது. கிடாரும் அவரே.

அத்தை: இப்போதுதான் பார்க்கிறேன். வகுப்பு இருந்தது. அருண், லிங்க் அனுப்பு. கேட்காமல் நான் வாய் திறக்க மாட்டேன்.

அருண் அண்ணன்: அனுப்பிவிட்டேன் அத்தை. முதலில் ஐ காட்டா ஃபைண்ட் பீஸ் ஆஃப் மைண்ட் கேளுங்கள். 9 நிமிடத்துக்கு மேல் போகும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அப்பா சொல்கிற அழுகை அதில்தான்.

அப்பா: இந்த அன்பிளக்டு என்பது எம்டிவியில் வந்த பழைய நிகழ்ச்சிதானே? எரிக் கிளாப்டன் பண்ணினாரே. அந்தக் கேசட் என்னிடம் இருந்தது.

அருண் அண்ணன்: அதேதான். மின்சார வாத்தியத்தை ஓரம் வைத்துவிட்டு, சின்னக் கூட்டத்துக்கு முன்னால் மெதுவாக வாசிப்பார்கள். கிளாப்டன் 1992-இல் வாசித்தது அடுத்த வருடம் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. நிர்வாணா என்ற ராக் குழு 1993 நவம்பரில் நியூயார்க்கில் வாசித்தது, அதன் பாடகர் கர்ட் கோபேன் இறந்த பிறகு 1994-இல் ஆல்பமாக வந்தது. அந்த வரிசையே ஒரு மாதிரி கௌரவம் சித்தப்பா. எல்லாருக்கும் தெரிந்த பாட்டை வேறு உடுப்பில் கொண்டுவருவார்கள், ஜனங்கள் இரண்டாவது வரியில் கண்டுபிடித்துக் கைதட்டுவார்கள். லாரின் ஹில் அந்த வசதியைக் கொடுக்கவே இல்லை. யாருக்கும் தெரியாத பாட்டு, முன்பின் பார்க்காத ஜனங்களுக்கு முன்னால், கட்டிய தொண்டையோடு.

அப்பா: சரி, அதில் என்ன பெருமை? கிளாப்டன் விரல் பேசும். இவர் கிடார் படித்து எத்தனை நாள் ஆகியிருக்கும்?

அருண் அண்ணன்: அது பெரிசாகச் சொல்ல ஒன்றும் இல்லைதான். மூன்று நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), ஒரே தட்டல். விமர்சகர்கள் அதைச் சொன்னது பொய் இல்லை.

பெரியப்பா: பாட்டுக்கு நடுவில் இவ்வளவு நேரம் என்ன பேசுகிறாள்? காரில் ஏசி சத்தத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான்: ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார் பெரியப்பா, முன்பெல்லாம் உங்களுக்காக அலங்காரம் பண்ணிக்கொண்டு வருவேன், இனிமேல் கிடையாது என்கிற அர்த்தத்தில். பிறகு கடவுள், பயம், புகழ், பொய் முகம் என்று போகும். ஜனங்கள் விரும்புவது கற்பனையை, அவர்களுக்குத் தேவைப்படுவதோ நிஜம் என்று ஓரிடத்தில் வரும். ஒரு பேச்சு மட்டும் 12 நிமிடம். அதை நானே ஓட்டிவிடுவேன், உண்மையைச் சொல்கிறேன்.

சித்தி: 12 நிமிடம் பேசினால் எங்கள் தெருக் கோயில் கச்சேரியில் மைக்கை அணைத்துவிடுவார்கள்.

அப்பா: 😀 சரியாகச் சொன்னாய்.

பெரியப்பா: அந்த வயதில் அப்படி என்ன கசப்பு அவளுக்கு? ஜெயித்தவள்தானே.

அருண் அண்ணன்: ஜெயித்த கையோடு வழக்கு வந்தது அப்பா. மிஸ்எஜுகேஷன் ஆல்பத்தில் வேலை செய்த இசைக்கலைஞர்கள் 4 பேர், எங்களுக்கு உரிய பெயரும் பங்கும் தரவில்லை என்று 1998-லேயே நீதிமன்றம் போனார்கள். 2001-இல் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இந்தப் பதிவு அதே 2001 ஜூலை 21. அதற்குள் இரண்டு குழந்தைகள் வேறு. அந்தக் கம்பெனி, மேனேஜர், புகைப்படம், பேட்டி என்கிற எல்லாவற்றிலிருந்தும் விலகியிருந்தார்.

அப்பா: ஜூலையில் பதிவு, அடுத்த மே மாதம் வெளியீடு. பத்து மாதம் இருந்திருக்கிறது. லைவ் ஆல்பம் என்று போட்டுவிட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து பிசிறு தட்டிய இடத்தையெல்லாம் திரும்பப் பாடி ஒட்டுவது எல்லாரும் செய்கிற வேலைதானே. ஏன் செய்யவில்லை? அது சோம்பேறித்தனமா, திமிரா?

அருண் அண்ணன்: நல்ல கேள்வி சித்தப்பா. எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்ததே அதுதான். விரலைத் தவறாக வைத்தது, வரி மறந்தது, விட்ட இடத்திலிருந்து திரும்ப எடுத்தது எல்லாம் அப்படியே கிடக்கிறது. லைவ் என்று அட்டையில் அச்சடித்த முக்கால்வாசி ஆல்பத்தில் இவ்வளவு லைவ் கிடையாது.

அத்தை: கேட்டேன். இரண்டு தடவை.

அம்மா: அழுதீர்களா?

அத்தை: இல்லை. ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பெரியப்பா: பாட்டு டீச்சர் தீர்ப்பு சொல்லட்டும்.

அத்தை: தீர்ப்பெல்லாம் இல்லை பெரியண்ணா. சுருதி சில இடத்தில் கீழே இறங்குகிறது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் உடைகிறது, அவளுக்கே தெரிகிறது, இருந்தும் போகிறாள். ஒதுங்கிப் போகத் தெரியாதவள் இல்லை, அது அவளுடைய பழைய பாட்டைக் கேட்டாலே தெரியும். என் மாணவி இப்படிப் பாடினால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இரு என்பேன். ஆனால் தாளம் ஒரு இடத்திலும் நழுவவில்லை பாருங்கள். வார்த்தைகளை அவ்வளவு நெருக்கமாக அடுக்கிவிட்டு, சரியான இடத்தில் வந்து உட்காருகிறாள். கிடார் தட்டல் ஒரே மாதிரி இருப்பதால்தான் அது முடிகிறது. தம்புராவைப் பார்த்து ஏன் ஒரே மாதிரி மீட்டுகிறாய் என்று யாரும் கேட்பதில்லையே.

அப்பா: தம்புராவைக் கேட்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

அத்தை: சின்னண்ணாவுக்கு பதில் சொல்ல நான் தயாரில்லை.

அருண் அண்ணன்: அத்தை, அந்தத் தாளத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு ஒரு கதை இருக்கிறது. இதே ஆல்பத்தில் மிஸ்டரி ஆஃப் இனிக்விட்டி என்று ஒரு பாட்டு. வக்கீல், நீதிபதி, கோர்ட்டு எல்லாரையும் கிழித்துத் தொங்கப்போடுவார். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தன் முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு கட்டினார். ஆல் ஃபால்ஸ் டவுன், 2004. லாரின் ஹில் குரலையே வைக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் சைலீனா ஜான்சன் என்ற பாடகியை அழைத்து அதே வரியைத் திரும்பப் பாடவைத்தார்கள். அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 7-ஆம் இடம் வரை போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மெட்டே இல்லை என்று சொல்லப்பட்ட ஆல்பத்திலிருந்து வந்த மெட்டு.

நான்: அதை நான் கல்லூரியில் தினமும் கேட்டிருக்கிறேன், இதிலிருந்து வந்தது என்று தெரியாமலே.

பெரியப்பா: அப்படியானால் எழுதினவர்கள் தப்பாக எழுதிவிட்டார்கள் என்கிறாயா?

அருண் அண்ணன்: எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன் அப்பா. நீளம், பேச்சு, ஒரே மாதிரி கிடார், இதெல்லாம் இன்றைக்கும் நிற்கிற குறைகள். இரண்டு சிடியை ஒன்றாகச் சுருக்கியிருந்தால் பாதிப் பேர் வாயை மூடியிருப்பார்கள். ஆனால் சில பேர் பாட்டை விட்டுவிட்டு ஆளை எடைபோட ஆரம்பித்தார்கள். இவளுக்கு மனநிலை சரியில்லை, கண் முன்னால் நொறுங்குகிறாள் என்ற தோரணையில் எழுதினார்கள்.

அத்தை: அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு ஆண் பாடகன் மேடையில் கிடாரை உடைத்தால் கலைஞனின் கோபம். இவள் அழுதால் டாக்டரைக் கூப்பிடு.

அம்மா: நூற்றுக்கு நூறு.

அப்பா: ஆனாலும் ஒன்று. காசு கொடுத்து வாங்கினவன் பக்கம் நின்று எழுதுவதும் விமர்சகன் வேலைதான். மிஸ்எஜுகேஷன் பிடித்துப்போய் இதை வாங்கினவன் வீட்டுக்கு வந்து போட்டால் என்ன நினைத்திருப்பான்?

அருண் அண்ணன்: வாங்கினவர்கள் நிறையப் பேர்தான். வெளிவந்த வாரம் பில்போர்டில் 3-ஆம் இடம். பெயருக்காக வாங்கியிருப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன்.

நான்: எனக்கு இன்னொன்று தோன்றும் அப்பா. பதிவு செய்தது 2001 ஜூலை. வெளிவந்தது 2002 மே. நடுவில் செப்டம்பர் 11 தாக்குதல். போலீஸையும் கோர்ட்டையும் அரசாங்கத்தையும் கேள்வி கேட்கிற பாட்டுகளைக் கேட்கிற மனநிலையில் அமெரிக்கா அப்போது இருந்திருக்குமா? ரெபெல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: அது என்ன?

நான்: ஐ ஃபைண்ட் இட் ஹார்ட் டு சே என்று பெயர், அடைப்புக்குறியில் ரெபெல். அமடூ டியாலோ என்று 23 வயதுப் பையன், ஆப்பிரிக்காவில் கினி நாட்டுக் குடும்பம். 1999 பிப்ரவரியில் நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில், தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். மஃப்டியில் வந்த 4 போலீஸ்காரர்கள் 41 முறை சுட்டார்கள். கையில் இருந்தது பர்ஸ். அடுத்த வருடம் 4 பேருக்கும் விடுதலை. அந்தச் சாவுக்குப் பிறகு எழுதின பாட்டு. பாடுவதற்கு முன்னால் அதை அவரே சொல்கிறார்.

பெரியம்மா: அடப்பாவமே. 41 முறையா.

பெரியப்பா: உன் பெரியம்மா என் போனைப் பிடுங்கிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அத்தை: அதையும் கேட்டேன். மெதுவாக ஆரம்பித்து, கடைசியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏறுகிறாள். அங்கே அந்தக் கரகரப்பு இல்லாவிட்டால் பாட்டு செத்துப்போயிருக்கும். நல்ல தொண்டையோடு பாடியிருந்தால் நாம் குரலைத்தான் ரசித்திருப்போம்.

அப்பா: அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு பாட்டுக்கு.

சித்தி: மாவு வந்துவிட்டது, நன்றி 🙏. அப்புறம் இந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள்?

அருண் அண்ணன்: மேடையில் பாடுகிறார் சித்தி. இதற்குப் பிறகு தனியாக ஒரு ஸ்டுடியோ ஆல்பம்கூடப் போடவில்லை. அதனால்தான் இந்த ஆல்பத்துக்கு மதிப்பு கூடிப்போனது என்று நினைக்கிறேன். மிஸ்எஜுகேஷன் இருக்கட்டும், 2021-இல் அமெரிக்காவில் 1 கோடியைத் தாண்டி டைமண்ட் சான்று வாங்கியது, 2024-இல் ஆப்பிள் மியூசிக் போட்ட 100 சிறந்த ஆல்பம் பட்டியலில் முதல் இடம். அதைப் பிடிக்கும் என்று சொல்ல யாருக்கும் தயக்கம் இல்லை. இதைப் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் தனி ஜாதி. ஆனால் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். அன்றைக்கு அவசரமாக ஒதுக்கிவிட்டோமோ என்று பின்னால் வந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

அப்பா: அதுவும் ஒரு ஃபேஷன்தான். பழைய தோல்வியை எடுத்துத் தூசி தட்டி, எங்களுக்கு மட்டும்தான் புரிந்தது என்பார்கள். இருபது வருடம் கழித்து எழுதுகிறவனுக்கு சிடிக்குக் காசும் கொடுக்க வேண்டாம், நாளைக் காலைக்குள் கட்டுரையும் கொடுக்க வேண்டாம்.

அருண் அண்ணன்: அதில் பாதி உண்மை. அன்றைக்கு எழுதினவன் ஒரு நாளில் இரண்டு சிடியைக் கேட்டு எழுதியிருப்பான். இது ஒரு நாளில் கேட்கிற ஆல்பம் இல்லை. நானே முதல் தடவை மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டேன்.

அத்தை: பெரிய வகுப்புப் பெண்களுக்கு ஒரு நாள் போட்டுக் காட்டப்போகிறேன். சுருதி இறங்கின இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வேன், அப்புறம் தாளத்தைக் கை போடச் சொல்வேன். இரண்டாவதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள்.

அப்பா: சரி அருண், பேச்சையெல்லாம் நீக்கிவிட்டு பாட்டு மட்டும் ஒரு பட்டியலாகப் போட்டு எனக்கு அனுப்பு. நடக்கப் போகும்போது கேட்கிறேன்.

அருண் அண்ணன்: போடுகிறேன் சித்தப்பா. ரெபெல் பாட்டுக்கு முன்னால் வருகிற பேச்சை மட்டும் எடுக்க மாட்டேன்.

அப்பா: எவ்வளவு நேரம் அது?

நான்: கொஞ்சம்தான் அப்பா, 12 நிமிடம் இல்லை.

அப்பா: அப்படியானால் இருக்கட்டும்.