ஊட்டியில் பூசாத கான்கிரீட் சரிப்படுமா?

ஓட்டுக்கூரை:
சண்டிகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியர் 1950களில் எழுப்பிய தலைமைச் செயலகத்தைக் காட்டி, இங்கேயும் சுவரைப் பூசாமல் விடச் சொல்கிறார்கள். அங்கே சுள்ளென்ற வெயில், நிழலே அந்தக் கட்டடத்துக்கு அலங்காரம். இங்கே ஜூனில் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். வெயில் படாத வடக்குச் சுவர் பாசி பிடித்துக் கறுத்துவிடும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலீவன் 1822இல் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் என்ற கல்வீட்டைக் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைக்குப் பொருந்தியது கல்தான்.

சென்ட்ரிங் பலகை:
கறுப்பது தண்ணீர் வழியும் தடத்தில்தாங்க. சன்ஷேடின் அடியில், விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே அரை அங்குல மரச்சட்டம் அடித்து கான்கிரீட்டை வார்த்து, பிறகு சட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் பள்ளத்திலேயே நீர் சொட்டிவிடும், சுவருக்கு வராது. கைப்பிடிச் சுவரின் தலையை மாடிப் பக்கம் சாய்த்துவிடுங்கள். பலகையின் வரியும் கணுவும் பதிந்த சுவரில் காலை வெயில் சாய்ந்து விழும்போது பாருங்கள், எந்த பெயின்டாலும் அது வராது.

ஓட்டுக்கூரை:
பாசியை விடுங்க, கம்பி? காற்றின் கரியமில வாயு ஊறினால் கான்கிரீட்டின் காரத்தன்மை (pH) 12.5க்கு மேலிருந்து 9 வரை இறங்கும். பிறகு ஈரம் பட்டால் துருதான். துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். பூச்சு அதைத் தள்ளிப்போடும்.

கவர்பிளாக்:
அதுக்குத்தான் ஐ.எஸ். 456, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி. கனமழை படும் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலிமைத் தரம், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல் (கவர்), தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர்தான், அதிலும் மணலின் ஈரத்தைக் கழிக்கணும். மழைக்காலத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். இன்னொன்று, அந்த ஐ.எஸ். விதியிலுள்ள சென்ட்ரிங் பிரிக்கும் நாள்கணக்கு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கானது. ஊட்டி இரவில் அது சாதாரணமாக இறங்கும். கோயம்புத்தூர் கணக்கில் பிரித்தால் மூலைகள் பலகையோடு பிய்ந்து வரும். ஒட்டுப்போட்டாலும் நிறம் வேறாகத் தெரியும்.

ஓட்டுக்கூரை:
அதைத்தான் நானும் சொல்றேன். பிசகினால் மறைக்க வழியே இல்லை.

சென்ட்ரிங் பலகை:
பூச்சுக்கான பணத்தை நல்ல பலகைக்கும், கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டருக்கும் போடுங்க. முதலில் ஒரு மீட்டர் சதுரத்துக்கு மாதிரிச் சுவர் வார்த்து, ஒரு மழைக்காலம் வெளியே விட்டுப் பார்க்கலாம்.

ஓட்டுக்கூரை:
சரி, வடக்கு பார்த்து நிறுத்துங்க. ஜனவரியில் பேசுவோம்.