டிஓகே மார்க்கும் பாட்டி காலண்டரும்

சுவா சூ காங் அப்பா:
சிங்கப்பூரில் ஐபி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பன்னாட்டு டிப்ளோமா படிப்பு) சேரப்போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக எழுதுகிறேன். அதில் டிஓகே (Theory of Knowledge, ஒன்றை அறிவு என்று எப்படிச் சொல்கிறோம் என்று யோசிக்கவைக்கும் பாடம்) பாடத்தில் பரீட்சை கிடையாது. 1600 சொல்லுக்குள் ஒரு கட்டுரை, மூன்று பொருள்களை வைத்து ஒரு கண்காட்சி. இரண்டுக்கும் பத்துப் பத்து மதிப்பெண்தான், ஆனால் இறுதிக் கணக்கில் கட்டுரைக்கு மூன்றில் இரண்டு பங்கு.

என் மகள் கண்காட்சிக்கு எடுத்த கேள்வி, 'எதை அறிவு என்று கொள்வது?' முதலில் இணையத்தில் கிடைத்த ஒரு பஞ்சாங்கப் படத்தை ஒட்டினாள். "இது யார் வீட்டுப் பஞ்சாங்கம்?" என்று கேட்டாராம் ஆசிரியர். ஏதோ ஒரு பஞ்சாங்கம் என்றால் மார்க் ஏறாது. இன்னார் வீட்டில், இன்னதற்காக இருக்கிற பொருளாக இருக்கணும்.

அன்று சாயங்காலம் சமையலறைக் காலண்டரைக் கழற்றினாள். ஊரிலிருந்து வந்த காலண்டர். திங்கள் ராகுகாலம் 7.30–9 என்று அச்சாகியிருக்கும். என் அம்மா பென்சிலால் 8.30–10 என்று திருத்தி வைத்திருந்தார். "அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற கணக்குடி. இங்கேதான் ஏழாகுதே." முன்பெல்லாம் அரை மணிதான் கூட்டுவாராம். 1982இல் சிங்கப்பூர்க் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்களே, அதற்குப் பிறகு முழு மணி! ராகுகாலத்தில் துளி நம்பிக்கையில்லாத பிள்ளை, பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அச்சடித்தது அறிவா, பென்சிலில் திருத்தியது அறிவா என்று எழுதினாள். பள்ளியில் 9 போட்டார்கள். கட்டுரையையும் சேர்த்து டிஓகேயில் பி, நீள்கட்டுரையில் (ஐபியில் தனியாக எழுதும் ஆய்வுக் கட்டுரை) ஏ. இரண்டுக்குமாக 3 புள்ளி, அதற்கு மேல் கிடையாது.

பொங்கோல் அம்மா:
அண்ணே, எங்க வீட்டில் தலைகீழ். மகன் கட்டுரையில் பிளேட்டோ, கலீலியோ, டார்வின் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தான். ஒருத்தரையும் பேசவிடவில்லை. 1600க்கு மேல் போனால் திருத்துபவர் படிக்க வேண்டிய கட்டாயமில்லை. இவன் முடிவுரையே அதற்கப்புறம்தான். ஆசிரியர் ஒரே ஒரு வரைவுக்குத்தான் எழுத்தில் கருத்துச் சொல்லலாமாம், அதையும் அவசரத்தில் அரைகுறையாகக் கொடுத்து வீணாக்கினான். எதற்கு எத்தனை மார்க் என்று பட்டியல் கேட்டேன். அப்படி எதுவும் இல்லையாம், மொத்தமாகப் படித்து ஒரே எண் போடுவார்களாம். எனக்கு இன்னும் ஆறவில்லை. டிஓகே, நீள்கட்டுரை இரண்டிலும் சி. 1 புள்ளி. ஐபியின் மொத்தப் புள்ளி 45இல் இது என்ன பெரிது என்கிறார் வீட்டுக்காரர். பல்கலைக்கழக விண்ணப்பம் போடும்போது பார்க்கட்டும்.

பழைய மாணவன்:
ஆன்ட்டி, நான் 2019 பேட்ச். அப்போ கண்காட்சி கிடையாது, வகுப்பு முன்னால் நின்று பேசணும். நான் நல்லாவே பேசினேன். ஆனா சரிபார்க்க வெளியே போனது பேச்சு இல்லை, நான் நிரப்பிய படிவம். அதை முந்தின ராத்திரி பஸ்ஸில் நிரப்பினேன். மீதியைக் கேட்காதீங்க. டிஓகே, நீள்கட்டுரை இரண்டில் ஏதாவது ஒன்றில் ஈ வந்தாலும் டிப்ளோமாவே இல்லை என்று சொல்லிவையுங்க, அடுத்த பிள்ளைக்காவது உதவும்.

சுவா சூ காங் அப்பா:
தங்கச்சி, அடுத்த பிள்ளைக்கு வரைவை முழுசாக எழுதிய பிறகு கொடுக்கச் சொல்லுங்கள். காலண்டர் இன்னும் மகள் அறையில்தான். அம்மா தினமும் காலையில் கதவைத் தட்டி, "ராகுகாலம் எத்தனை மணிக்குடி?" என்கிறார்.