களை மண்டிய கால்வாயில் நேரோபோட்: வர்லி அண்ட் எஸ்ஸிங்டன் பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா?

கரையோரம்:
வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேரும் இப்போது இங்கிலாந்தில் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஆகஸ்டில் ஒரு வாரம் நேரோபோட் (இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான நீளப் படகு) எடுத்திருக்கிறோம். உல்வர்ஹாம்ப்டனில் ஹார்ஸ்லி ஃபீல்ட்ஸ் ஜங்ஷனில் திரும்பி, வர்லி அண்ட் எஸ்ஸிங்டன் கால்வாயில் பிரௌன்ஹில்ஸ் வரை போக ஆசை. அதற்குள் நுழைந்துவிட்டால், கையால் கதவு திறந்து மூடிப் படகை ஏற்றி இறக்கும் லாக் ஒன்றுகூடக் கிடையாது. எங்களில் ஒருவனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருப்பதால் அது பெரிய வசதி. ஆனால் விசாரித்த இடத்தில், களை பயங்கரம், பாதி நாள் ப்ரொப்பெல்லரைத்தான் சுத்தம் செய்துகொண்டிருப்பீர்கள் என்று பயமுறுத்துகிறார்கள். போகலாமா, வேண்டாமா?

டில்லர்பிடி:
தாராளமாகப் போங்கள். இரண்டு வருஷம் முன்பு ஜூலை கடைசியில் நானும் மூன்று தோழிகளும் அதே வழியில் போனோம். 57 அடிப் படகு. களை இருக்கத்தான் செய்யும். அந்தக் கால்வாய் பிறந்த விதம் அப்படி. கேனக் பக்கத்து நிலக்கரிக்காக வெட்டி 1797-ல் முடித்தது. மேடு வந்தால் லாக் கட்டி ஏறாமல், கடல் மட்டத்திலிருந்து 473 அடி என்ற ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. 'கர்லி வர்லி' என்று செல்லப்பெயர். முன்பு லிச்ஃபீல்ட் பக்கம் இறங்கி வேறு கால்வாயோடு சேர்ந்தது. அந்த லாக்குகளை 1954-ல் மூடிவிட்டார்கள். வழி முட்டுச்சந்தாகிவிட்டதால் படகுகள் குறைவு. தண்ணீர் தெளிவு, ஆழம் குறைவு, வெயில் அடிவரை இறங்குகிறது. களைக்கு வேறென்ன வேண்டும்?

முதல் நாள் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். டில்லர் (படகைத் திருப்பும் சுக்கான் பிடி) கைக்குள் நடுங்கியது, புகை கறுத்தது, பின்னால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கியது, படகு மட்டும் நகரவில்லை. நாங்களோ இன்னும் வேகம் கொடுத்தோம். கொடுக்கக் கொடுக்க அது அடியில் கிடந்ததையெல்லாம் வாரி இழுத்துச் சுற்றிக்கொண்டது. செய்ய வேண்டியது நேர் எதிர். நடுக்கம் தெரிந்த உடனே வேகத்தைக் குறையுங்கள், நியூட்ரலில் ஒரு நிமிஷம் மிதக்க விடுங்கள், பிறகு ரிவர்ஸில் சட்டென்று ஒரு தடவை. இளசான களை பாதி அதிலேயே உதிர்ந்துவிடும். முன்னால் பச்சைத் திட்டு தெரிந்தால், அதற்கு முன்பே வேகம் பிடித்து, நியூட்ரலில் அதன்மேல் சறுக்கிப் போய்விடலாம். இரண்டாம் நாள் இது கைவந்துவிட்டது.

உதிராவிட்டால் வீட் ஹாட்ச். படகின் பின்பக்கம் ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே இருக்கும் மூடி. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, யார் கையை உள்ளே விடுகிறாரோ அவர் பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஸ்னீட் ஜங்ஷனுக்கு முன்னால் ஐந்தாவது தடவை படுத்து முழங்கை வரை விட்டேன். விரலில் பட்டது களை இல்லை, வழுவழுவென்று துணி. பிரெட் கத்தியால் அறுத்து அறுத்து இழுத்தால், புடவை. அரக்கு பார்டர், ஒரு விரல் அகலம் ஜரிகை, முந்தானைக் குஞ்சம் ஒன்றுகூடப் பிரியவில்லை. நாலு முழம் வந்தது. யார் வீட்டுப் பெண் கட்டியதோ, குப்பையில் போட மனசு வரவில்லை. அலசிக் கூரைமேல் விரித்தேன். மாலை வரை யாரும் அதன்மேல் கால் வைக்கவில்லை.

மூடியைத் திரும்பப் போடும்போது இறுக்கியிருக்கிறதா என்று இரண்டு பேர் பாருங்கள். சரியாக உட்காராவிட்டால், என்ஜின் ஓடும்போது ப்ரொப்பெல்லர் தண்ணீரை உள்ளே தள்ளும். படகு மூழ்கியே போகலாம்.

வடமராட்சியான்:
தங்கச்சி, நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஒரு கேள்வி: அறுத்த களையைத் திரும்பத் தண்ணிக்குள்ளேயே போட்டனீங்களோ?

நான் பத்து வருசமாய்ப் படகிலதான் இருக்கிறன். இஞ்ச மிதக்கிற பென்னிவோர்ட் எண்டு ஒரு களை இருக்கு. வட்ட இலை, ஓரத்தில வெட்டு வெட்டாய் இருக்கும். அமெரிக்காவில இருந்து வந்தது. கோடையில ஒரு நாளைக்கு 20 சென்ரிமீற்றர் கூட வளரும். 2014-ல இதை விக்கிறதையே தடை செய்தவை. சின்னத் துண்டு மிதந்து போனாலும் போய்ச் சேர்ந்த இடத்தில முளைக்கும். அந்த இலையைக் கண்டால் அறுத்ததை ஒரு பையில போட்டுக் கட்டி வையுங்கோ.

மற்றது கையுறை. முழங்கை வரைக்கும் வாறது. கால்வாய்த் தண்ணியில எலிச் சிறுநீர் கலந்திருக்கும், கீறல் காயத்துக்குள்ளால எலிக்காய்ச்சல் வரலாம். காயத்தை மூடிக் கட்டுங்கோ, சாப்பிட முதல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. பிறகு காய்ச்சல், தசைநோ வந்தால், கால்வாய்த் தண்ணியில கை வைச்சனான் எண்டு டொக்டரிட்ட மறக்காமல் சொல்லுங்கோ.

டில்லர்பிடி:
அண்ணா, தண்ணீரில்தான் போட்டோம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த தடவை கண்டிப்பாகப் பையில்தான்.

கரையோரம்:
இரண்டு பேருக்கும் நன்றி. போவதென்று முடிவாகிவிட்டது. பிரௌன்ஹில்ஸ் வரை ஒரே நாளில் போய்விட முடியுமா?

டில்லர்பிடி:
பிரௌன்ஹில்ஸ் ஓரத்தில் இருக்கும் ஆக்லி ஜங்ஷன் வரை சுமார் 16 மைல். சுத்தமான கால்வாயில் ஆறு மணி நேரத்து வேலை, இதில் இரண்டு நாள் வையுங்கள். நடுப்பாதையை விட்டு ஒதுங்காதீர்கள், ஓரத்தில்தான் சேறும் குப்பையும். ஆக்லியோடு திரும்பிவிடாமல் இன்னும் ஒன்றரை மைல் ஆங்கிள்ஸி பேசின் வரை போங்கள். சேஸ்வாட்டர் ஏரிக் கரைக்கு அடியில் கால்வாய் முடிகிறது. அங்கே போய்க் கட்டினபோது மணி ஏழு. என்ஜினை நிறுத்தினால் தண்ணீருக்குள் ஒவ்வொரு இழையும் நின்றுகொண்டு அசைவது தெரிந்தது, இடையில் விரல் நீளத்துக்கு மீன்கள். நாள் முழுக்க நாங்கள் திட்டிக்கொண்டே வந்த அதே களை. நாலு பேரும் வெளிச்சம் போகும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் நண்பரை முன்பக்கம் உட்கார வையுங்கள், முழங்காலை நீட்டிக்கொள்ள இடம் இருக்கும். பச்சைத் திட்டு வருவதை அவரே முதலில் பார்த்துச் சொல்லிவிடலாம்.