வசிட்டர் இரண்டாகப் பிரிய மாட்டேன் என்கிறார், உதவுங்கள்

வணக்கம். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் வசிட்டரையும் அருந்ததியையும் வெறுங்கண்ணாலேயே பிரித்துப் பார்த்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்! அடுத்து வசிட்டரையே இரண்டாகப் பார்க்க ஆசை. வசிட்டரின் அந்த இரண்டு புள்ளிகளும் தனித்தனியே இரட்டை நட்சத்திரங்கள், அருந்ததியும் இரட்டை. ஆக மொத்தம் 6 நட்சத்திரங்கள், சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில்.

என் தொலைநோக்கியின் விட்டம் 70 மி.மீ., குவியத்தூரம் 700 மி.மீ. 20 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), அதாவது 35 மடங்கில், வசிட்டர் சற்றே நீண்ட புள்ளியாகத்தான் தெரிகிறார். இடைவெளி 14 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) இருக்கிறதே, பிரிய வேண்டாமா? 10 மி.மீ. ஐபீஸ் வாங்கினால் சரியாகுமா, இல்லை மொட்டைமாடிச் சூட்டில் காற்று அலைவதுதான் காரணமா?

கல்யாணத்தன்று அம்மி மிதித்துப் பகலில் அருந்ததி பார்த்தவர் என் அம்மா. அவருக்கு இந்தக் கோடைக்குள் நன்றாகக் காட்ட வேண்டும்.