குண்டுத் துளை உள்ள பழைய ராணுவ ஹெல்மெட்: நம்பி வாங்கலாமா?

கோத்தகிரி கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் தட்டு வடிவ இரும்பு ஹெல்மெட் ஒன்று பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படை போட்ட மார்க் 2 என்கிறார். இடது நெற்றிப் பக்கம் ஒரு துளை. 1944இல் இம்பாலில் ஜப்பான்காரன் சுட்டதாம், காயம்பட்டவரோடு அப்போதே வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்கு வந்து சேர்ந்ததாம். 22,000 ரூபாய் கேட்கிறார். துளை இல்லாத இன்னொன்று அவரிடமே 6,000க்கு இருக்கிறது.

என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து பர்மா போனவர். திரும்பி வந்தும் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இதை வாங்கிக் கொடுக்க ஆசை. ஆனால் பொய்யான ஒன்றை அவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை. துளை உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

குன்னூர் நண்பன்:

பின்பக்க விளிம்பில் மூன்று சின்னத் துளைகள் வரிசையாக இருந்தால் அது தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு. தொழிற்சாலையிலேயே போட்டவை. அதைக் குண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுடையது நெற்றிப் பக்கம் என்பதால் விஷயம் வேறு. படம் போடுங்கள்.

பழைய டர்னர், அருவங்காடு:

கார்த்தி தம்பி, நான் லேத் பட்டறையிலேயே காலம் கழித்தவன். இந்தப் பழைய ராணுவ இரும்பு மேல் எனக்குப் பிரியம் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் துளையை விட்டுவிட்டு ஹெல்மெட்டின் இரும்பு ஓடு எப்படி என்று பாருங்கள். இங்கிலாந்தில் செய்த மார்க் 2 ஓடு ஹாட்ஃபீல்ட் மாங்கனீஸ் எஃகு, சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ். காந்தம் ஒட்டாது. விளிம்புக்கு அடியில், தாடைப் பட்டி மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், செய்த கம்பெனியின் எழுத்தும் ஆண்டும் அடித்திருப்பார்கள். டார்ச் அடித்துத் தேடுங்கள். 1944க்குப் பிந்திய ஆண்டு என்றால் இம்பால் கதை அங்கேயே முடிந்தது.

இந்த எஃகுக்கு ஒரு குணம் உண்டு. அடிக்க அடிக்க அந்த இடம் இறுகிக்கொண்டே போகும். ரயில் பாதை கிராசிங்குகளில் மாங்கனீஸ் எஃகு போடுவது இதற்காகத்தான். சாதாரண டிரில் பிட்டை வைத்து அழுத்தினால் கீச்சென்று கத்தும், முனை மழுங்கிவிடும், எஃகு அசையாது. அதனால் கள்ளத் துளை போடுகிறவன் காஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியால் அடிக்கப் பார்ப்பான். அப்படிச் செய்திருந்தால் துளையைச் சுற்றி நீலமும் வைக்கோல் மஞ்சளும் வளையமாக ஓடியிருக்கும், பெயின்ட் கருகிக் கொப்புளித்திருக்கும். மேலே புதுப் பெயின்ட் பூசி மறைத்தால் துளை விளிம்பின் கிழிந்த உதடுகளின் மேலும் பெயின்ட் ஏறியிருக்கும். கிழிந்த பரப்பில் பெயின்ட் இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

இனி துளை. உள்பக்கம் விரலை வைத்துத் தடவுங்கள், ஜாக்கிரதையாக. ரைஃபிள் குண்டு அதிவேகத்தில் வருவதால் சுற்றிலும் பெரிதாக ஒடுக்கு விழ நேரமிருக்காது. விளிம்பு உள்நோக்கி மடிந்து, இதழ் இதழாகக் கிழிந்திருக்கும். வெளியே பெயின்ட் அதிர்ச்சியில் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். சம்மட்டியால் கூர்க்கம்பி அடித்தால் துளையைச் சுற்றி அகலமான பள்ளம் விழும். ஷெல் சிதறல் என்றால் வட்டமே வராது, கோணல்மாணலாகப் பிய்ந்திருக்கும்.

துருவை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். நம் மலையில் தென்மேற்கு விட்டால் வடகிழக்கு. வெட்டின இரும்பை வெளியே போட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் பழசு மாதிரி ஆகிவிடும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உதட்டில் உள்ள துருவும், ஓட்டில் பெயின்ட் உரிந்த மற்ற இடங்களின் துருவும் ஒரே நிறமா? மற்ற இடமெல்லாம் கரும்பழுப்பாக இறுகிக் கிடக்க, துளையில் மட்டும் விரலில் ஒட்டும் ஆரஞ்சுத் தூள் என்றால் அது சமீபத்து வேலை.

இத்தனையிலும் தேறினாலும், "உண்மையான குண்டு" என்பது வரைக்கும்தான் வந்திருக்கிறீர்கள். போரில் பட்டது என்பதற்கு அது சாட்சி இல்லை. போர் முடிந்த பிறகு ஹெல்மெட்டைக் கம்பத்தில் மாட்டிச் சுட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அளந்து பார்த்தும் பயனில்லை. ஜப்பானின் 7.7 மில்லிமீட்டர் ரைஃபிள் குண்டும் நம் படையின் .303 குண்டும் குறுக்களவில் இரண்டுமே சுமார் 7.9 மில்லிமீட்டர்தான். யார் சுட்டார்கள் என்று துளை சொல்லாது. யாருடையது, எப்படிக் கை மாறியது என்று காகிதம் இருக்கிறதா கேளுங்கள். இல்லையென்றால் துளைக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஓட்டுக்கு உள்ளே தலையில் படும் உறையான லைனரையும் மறக்க வேண்டாம். உச்சியில் ஒரே திருகுதான், கழற்றி மாட்டுவது சுலபம். துளைக்கு நேர் உள்ளே அது கிழிந்திருக்கிறதா பாருங்கள்.

வெலிங்டன் விமலா:

கடைக்காரர் சொல்கிற கதையிலேயே ஓட்டை இருக்கிறது. போர்க்காலத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் மதுக்கரையில் இருந்தது. வெலிங்டனுக்கு வந்ததே 1947இல். 1944இல் காயம்பட்டவர் எந்த வெலிங்டன் சென்டருக்கு வந்திருப்பார்?

கோத்தகிரி கார்த்தி:

அனைவருக்கும் நன்றி. நேற்று காந்தமும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். காந்தம் ஒட்டவில்லை. விளிம்படியில் 1941. துளையின் உதடு உள்ளே மடிந்திருக்கிறது, துருவும் ஒரே நிறம். ஆனால் லைனரில் ஒரு கீறல் கூட இல்லை. மதுக்கரை விஷயத்தைக் கேட்டதும் அவர், "எனக்கு விற்றவர் அப்படித்தான் சொன்னார்" என்றார். காகிதம் எதுவும் இல்லை. 9,000க்குத் தருகிறேன் என்கிறார்.

பழைய டர்னர், அருவங்காடு:

அப்படியானால் ஓடு அசல், குண்டும் அசல், கதைக்குத்தான் ஆதாரமில்லை. ஒன்று லைனர் பிறகு மாட்டியது, இல்லை லைனர் இல்லாமல் வெறும் ஓடாக வைத்துச் சுட்டிருக்கிறார்கள். நானாக இருந்தால் துளை இல்லாததை 6,000க்கு எடுப்பேன். உங்கள் தாத்தா திரும்பி வந்தவர், அவர் தலையில் இருந்ததும் முழுசாகத்தான் இருந்திருக்கும்.

வெலிங்டன் விமலா:

அப்பாவுக்குக் கொடுக்க இன்னொன்றும் இருக்கிறது கார்த்தி. ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் இங்கே வெலிங்டனில்தான். தாத்தாவின் படை எண் தெரியுமா? பழைய பென்ஷன் புத்தகத்திலோ டிஸ்சார்ஜ் சான்றிதழிலோ இருக்கும். அந்த எண்ணையும் பெயரையும் போட்டு, மகன் என்ற முறையில் அப்பாவே கையெழுத்திட்டு விவரம் கேட்டு எழுதட்டும்.

கோத்தகிரி கார்த்தி:

பென்ஷன் புத்தகம் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் எடுக்கிறேன். துளை இல்லாத ஹெல்மெட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.