ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதி எங்கே போனது?

மல்வேன் மகள்:
அம்மாவின் பேஸ்மன்டைத் துப்புரவாக்கும்போது தேவாரப் புத்தகத்துக்குள் 2011 வாக்காளர் அட்டை ஒன்று கிடைத்தது. தொகுதி: ஸ்காபரோ–ரூஜ் ரிவர், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "எங்கட பிள்ளைக்குப் போட்ட முதல் வோட்டு" என்கிறா. இப்போது தேடினால் அந்தப் பெயரில் கனடா நாடாளுமன்றத்துக்குத் தொகுதியே இல்லை. நாங்கள் வீடு மாறவில்லை. 2015 இல் எங்களுக்கு ஸ்காபரோ நோர்த், மாமி வீட்டுக்கு ரூஜ் பார்க் என்று வந்தது. பெயரை மட்டும்தான் மாற்றினார்களா? 2011 இல் அங்கே வென்ற ராதிகா சிற்சபைஈசனின் தொகுதிதான் பிறகு லிபரல் கட்சி கரி ஆனந்தசங்கரியின் தொகுதி ஆனதா?

பழைய தொண்டன்:
பெயர் மாற்றம் இல்லை தங்கச்சி, வெட்டிப் பிரித்துவிட்டார்கள். பெரும்பகுதி ஸ்காபரோ நோர்த்துக்குப் போனது. கிழக்குத் துண்டை 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே இருந்த இடங்களோடு சேர்த்து ரூஜ் பார்க் ஆக்கினார்கள். கரி 2015 இல் வென்றது அந்த ரூஜ் பார்க்கில். ராதிகா அதே தேர்தலில் நோர்த்தில் நின்று லிபரல் ஷோன் சென்னிடம் தோற்றார். இரண்டு பேரும் ஒரே தொகுதி என்று எங்கள் ஆட்களே இன்றைக்கும் சொல்வார்கள். தவறு.

பழைய தொகுதி 1988 தேர்தலில்தான் முதல் தடவை வாக்களித்தது. அன்று வென்ற லிபரல் டெரெக் லீ 2011 வரை அசையவில்லை. 23 வருஷம்! அவர் 2011 இல் ஒதுங்கியபோதும் லிபரல் கோட்டைதான் என்று எல்லோரும் நினைத்தோம்.

நான் அந்த வருஷம் ராதிகாவுக்காகத் தொலைபேசிப் பட்டியல் பிடித்துக்கொண்டு இருந்தவன். முதல் கிழமை முழுக்க ஒரே பதில்: "நாங்கள் எப்பவும் லிபரல்தானே தம்பி." ஒருநாள் ஒரு வயதான அம்மா, "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டா. யாழ்ப்பாணத்து மல்லாகம், ஐந்து வயதில் இங்கே வந்தவ என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வீட்டில் ஐந்து வோட்டு இருக்கு, எழுது" என்றா. அதற்குப் பிறகு கட்சி பற்றிய கதையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஊரில் இருந்துதான் தொடங்கினேன். ஆனாலும் தமிழ் வாக்கு மட்டும் என்று சொல்லக்கூடாது. ராதிகாவின் கட்சியான என்.டி.பி.யின் (புதிய ஜனநாயகக் கட்சி) தலைவர் ஜாக் லேட்டனின் அலை நாடு முழுக்க அடித்த நேரம் அது, கட்சிக்கு 103 ஆசனம். மே 2 இரவு எங்கள் தொகுதியில் லிபரல் மூன்றாம் இடம், ராதிகா கனடாவின் முதல் தமிழ் எம்.பி.

அடுத்த வருஷமே கோடு கீறும் வேலை தொடங்கிவிட்டது. அதில் சதி ஒன்றும் இல்லை. பத்து வருஷக் குடித்தொகைக் கணக்கு வந்தால் ஒவ்வொரு மாகாணத்திலும் மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு எல்லைகளைப் பார்க்கும். அந்த முறை ஒன்ராறியோவுக்கு 15 ஆசனம் கூடி 121 ஆனது. ஒரு கோடு நகர்ந்தால் பக்கத்துத் தொகுதியும் நகரத்தானே வேண்டும்? வரைபடத்தைக் காட்டிப் பொதுமக்களிடம் கருத்தும் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் தேர்தலுக்கு ஓடும் வேகத்தில் கால்வாசியாவது அந்தக் கூட்டங்களுக்கு ஓடவேண்டும் என்று எனக்கு ஒரு மனக்குறை.

கிழக்கு ஸ்காபரோ:
அண்ணை, 2015 இல் போய்விட்டது என்றால், 2016 இல் ரூஜ் ரிவர் இடைத்தேர்தல் நடந்ததே! பலகைகள் எல்லாம் பார்த்தேனே?

பழைய தொண்டன்:
சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்துக்கான தொகுதி. கனடா நாடாளுமன்றத்துக்கான கூட்டாட்சித் தொகுதி போன பிறகும் அதே பெயரில் 2018 வரை இருந்தது. அந்த இடைத்தேர்தலில் லிபரலுக்கும் என்.டி.பி.க்கும் நின்ற இரண்டு பேரும் தமிழர். வென்றதோ கொன்சர்வேற்றிவ் ரேமண்ட் சோ. இதில் வேடிக்கை என்னவென்றால், இவர் 1988 இல் கூட்டாட்சித் தொகுதியின் முதல் தேர்தலில் என்.டி.பி. வேட்பாளராக நின்று தோற்றவர். 28 வருஷம் கழித்து, அதே பெயருள்ள தொகுதியில், வேறு கட்சியில் வெற்றி!

இன்னொன்று. மாகாணத்தில் 1999 வரை ஸ்காபரோ நோர்த் இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் ரூஜ் ரிவர் வந்தது. பிறகு நோர்த் திரும்பி வந்து ரூஜ் ரிவரை விழுங்கிவிட்டது. 2025 தேர்தலில் ரூஜ் பார்க் என்ற பெயரும் தனியாக இல்லை, இப்போது ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க்.

மல்வேன் மகள்:
நன்றி அண்ணை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தொகுதி இல்லையெண்டா அப்ப நான் போட்ட வோட்டு?" என்று கேட்கிறா. அட்டை திரும்பவும் தேவாரப் புத்தகத்துக்குள் போய்விட்டது.