ஆய்வுக் கட்டுரைகளைத் தனியாகப் படித்து நுண்ணுயிரியல் கற்க முடியுமா?

புதுவாசகன்:
பாடப்புத்தகம் ஒன்றை முடித்துவிட்டு ஆய்வுக் கட்டுரைகளில் இறங்கினால் இரண்டாவது பத்தியிலேயே திணறுகிறது. ஆய்வகமும் கிடையாது, வழிகாட்டியும் கிடையாது. சுருக்கத்தையும் முடிவுரையையும் படித்தால் புரிந்த மாதிரி இருக்கிறது, நடுவில் உள்ளது எதுவும் தலையில் ஏறவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

அகார்தட்டு:
முடிவுரையில் இருப்பது அவர்கள் சொல்ல விரும்புவது, செய்ததெல்லாம் செய்முறைப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் ஒரு கட்டுரையையும் அதை மறுத்து வந்ததையும் ஜோடியாக எடுத்துப் படியுங்கள். கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கை டிஎன்ஏவில் சேர்த்துக்கொள்கிறது என்று 2010ல் சயின்ஸ் இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. பாஸ்பேட் (பாஸ்பரஸ் கிடைக்கும் வடிவம்) சேர்க்காத அந்த வளர்ப்பு ஊடகத்தில் உப்புகளோடு மாசாக வந்த பாஸ்பேட்டே சுமார் 3 மைக்ரோமோலார் இருந்தது, கொஞ்சம் வளர அது போதும் என்பதுதான் முக்கிய ஆட்சேபம். 2012ல் நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்டும் மற்றவர்களும் டிஎன்ஏவை நன்றாகச் சுத்திகரித்துப் பார்த்தார்கள், ஆர்சனேட் (ஆர்சனிக்கின் ஒரு வடிவம்) அதில் பிணைந்திருக்கவில்லை. 2025ல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதியவர்கள் அதை ஏற்கவில்லை, அவர்கள் பக்கத்தையும் படியுங்கள்.

குழாய்வாசி:
நல்ல ஜோடிதான், ஆனால் ஆரம்பத்திலேயே அவ்வளவு வேதியியல் வேண்டுமா? என்னைக் கேட்டால் பாக்டீரியாக்களுக்கு வைரஸ் எதிர்ப்பு எப்படி வருகிறது என்று லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943ல் எழுதிய கட்டுரை. பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் காப்பகத்தில் இலவசம். கணக்கு பயமுறுத்தும், முதல் வாசிப்பில் தாண்டிவிட்டு அட்டவணைகளுக்குப் போங்கள். ஒரே கல்ச்சரிலிருந்து (ஒன்றாக வளர்த்த பாக்டீரியாக்கள்) பல மாதிரிகள் எடுத்தால் வைரஸை எதிர்க்கும் பாக்டீரியா காலனிகள் 14, 15, 13 என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி வருகின்றன. தனித்தனிக் குழாய்களில் வளர்த்தால் பலவற்றில் 0, ஒன்றில் மட்டும் 107! வைரஸைச் சந்தித்த பிறகுதான் எதிர்ப்பு உருவாகிறது என்றால் இவ்வளவு ஏற்றத்தாழ்வு வராது, முன்பே தற்செயலாக நடந்த மரபணு மாற்றம் என்றால்தான் வரும்.

புதுவாசகன்:
அட, இது புரிகிறது. அப்புறம் ஒன்று, இப்போதைய கட்டுரைகளில் படத்துக்குக் கீழே "மூன்று ரெப்ளிகேட்", அதாவது மூன்று முறை செய்தது, என்று போடுகிறார்களே, அதை அப்படியே நம்பலாமா?

குழாய்வாசி:
நீங்கள் இப்போது பார்த்த அட்டவணையிலேயே பதில் இருக்கிறது. ஒரே கல்ச்சரை ஆய்வகத் தட்டின் மூன்று குழிகளில் ஊற்றி அளந்தால் அந்த 14, 15, 13 மாதிரிதான் கிடைக்கும், கையும் கருவியும் சரி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மூன்றையும் தனித்தனியாக வளர்த்தார்களா என்று செய்முறையில் தேடுங்கள். சொல்லவில்லை என்றால் சந்தேகத்தோடேயே படியுங்கள்.